உரிமை யாரிடம்? கல்முனைக் கரையோரமும் ஒரு சிறு தனியார் பல்கலைக்கழகத்தின் அகபுறச் சூழலும்

1. கேள்வி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் காசு கொடுத்துப் படிப்பது புதிய வழக்கமல்ல. உயர்தர வகுப்புக்கு வந்த பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்தைவிட டியூஷன் வகுப்பில் இருக்கும் நேரம் அதிகம். கணக்கியல், ஆங்கிலம், கணினி, கட்டட அளவை என்று டிப்ளோமா கற்பிக்கும் சிறு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் பிரதான வீதி நெடுகிலும் தொங்குகின்றன. இத்தனை இருந்தும், சொந்தப் பெயரில் பட்டம் வழங்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று இக்கரையில் வேரூன்றவில்லை. கிழக்கு முஸ்லிம்களிடையே எழுந்த பெருமுயற்சியான மட்டக்களப்பு கெம்பஸும் கரையோரத்தை விட்டு, புணானைக் காட்டோரத்தில் கட்டப்பட்டது. அதன் கதையைப் பின்னர் பார்ப்போம்.

அப்படியொரு நிறுவனத்தை இங்கே தொடங்க நினைப்பவர் அதன் அகச்சூழலையும் புறச்சூழலையும் எப்படி எடைபோட வேண்டும்? வழக்கமான முகாமைத்துவக் கருவிகள் இதற்குப் போதுமா? இவை இக்கட்டுரையின் கேள்விகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்பகுதியில் மாணவர் தேவை, கட்டடம், பணம் ஆகிய மூன்றும் இரண்டாம் நிலைக் காரணிகளே. நிறுவனம் யாருடையது, அது யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதே முதற் காரணி. வழக்கமான மதிப்பீட்டு அட்டவணைகளில் அதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

2. கருவியும் அதன் குறையும்

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிறுவனத்தை ஆராயும் ‘சுவாட்’ முறை 1960களின் அமெரிக்க வணிகக் கல்வியில் உருவானது. புறச்சூழலைப் பொருளாதாரம், தொழில்நுட்பம், அரசியல், சமூகம் எனப் பிரித்து நோக்கும் முறையை பிரான்சிஸ் அகிலார் 1967இல் முன்வைத்தார். மைக்கேல் போர்ட்டரின் ஐந்து போட்டி விசைகள் 1979இல் வந்தன. இன்று நம் முகாமைத்துவ பீடங்களில் படிக்கும் எந்த மாணவரும் இவற்றைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்.

இவற்றின் மீதான விமர்சனம் அந்த அளவுக்குப் பரவவில்லை. டெரி ஹில், ரோய் வெஸ்ட்புரூக் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவின் 20 கம்பனிகள் தயாரித்த சுவாட் அறிக்கைகளைப் பரிசீலித்தார்கள். நீண்ட பட்டியல்கள், பொதுப்படையான சொற்கள், முன்னுரிமை வரிசை இல்லாமை என்பவற்றையே கண்டார்கள். அந்த அறிக்கைகளைப் பின்னர் எவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்பது அவர்களுடைய கடுமையான முடிவு.

சிறுபான்மைச் சமூகமொன்றின் நிறுவனத்துக்கு இக்கருவியைப் பிரயோகிக்கும்போது இன்னொரு குறை தெரிகிறது. ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற கோடு அசையாமல் நிற்கும் என்று கருவி நம்புகிறது. செல்வாக்குள்ள நிறுவனர் எப்போதும் பலம். வெளிநாட்டு நிதி எப்போதும் வாய்ப்பு. ஆனால் 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின், இலங்கையின் கிழக்கில் இந்த இரண்டும் ஒரே வாரத்துக்குள் அச்சுறுத்தலாக மாறியதைக் கண்டோம். அந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

3. தேவை உண்டு, ஆனால் யாருடைய தேவை?

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அம்பாறை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. அந்தச் சலுகை இருந்தும், அனுமதிக்கான இசட் புள்ளியில் மயிரிழையில் தவறிய பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். தனியார் உயர்கல்வியை ஆராய்ந்த டானியல் லெவி, அரசு கொள்ள முடியாத மாணவரை உள்வாங்க எழும் நிறுவனங்களைத் தனி வகையாகக் காட்டினார். சமய, சமூக அடையாளத்துக்காக எழுபவை இன்னொரு வகை. கல்முனைக் கரையில் வரக்கூடியது இரண்டும் கலந்த ஒன்றாகவே இருக்கும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.5 இலட்சம். அதில் சோனகர் 40 வீதத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என்று கரையோரத்தில் அவர்கள் நெருங்கி வாழ்கிறார்கள்; இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள். இந்த எண்ணிக்கையைச் சந்தையின் அளவாக அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. கட்டணம் கட்டக்கூடிய குடும்பம் எது, எப்போது கட்டும் என்பதே உண்மையான கணக்கு.

வயற்காரக் குடும்பத்தின் கையில் பெரும்போக அறுவடை முடிந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் சிறுபோகம் முடிந்த ஓகஸ்ட் அளவிலும் காசு புழங்கும். மருதமுனை நெசவுக்காரரின் வருமானம் பெருநாள் விற்பனையோடு ஏறி இறங்கும். சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளிக்குப் பருவம் தவறினால் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. கட்டாரிலோ சவூதியிலோ மகன் உழைக்கும் வீட்டுக்கு மாதாமாதம் பணம் வரும். ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் நிற்கும். கொழும்பின் தனியார் நிறுவனங்களைப் பார்த்து, தவணைக்கு ஒருமுறை முழுக் கட்டணம் என்று விதித்தால் இந்தக் குடும்பங்களில் பாதி முதல் ஆண்டிலேயே விலகிவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பில் எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் அதைக் காண முடியாது. இங்கே பெண்பிள்ளைக்குச் சீதன வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பில் பெரும்பங்கு சீமெந்துக்கும் கம்பிக்கும் போகிறது. ஆகவே மகளின் பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு எதிரே நிற்கும் உண்மையான போட்டியாளர் இன்னொரு பல்கலைக்கழகமல்ல, அவளுக்காகக் கட்டப்படும் வீடு. போர்ட்டரின் ஐந்து விசைகளில் இதற்கு இடம் தேடினால் ‘பதிலீட்டுப் பொருள்’ என்ற தலைப்பில் எழுதலாம். எழுதியவரை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் அதே வழக்கம் எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்கிறது. திருமணத்துக்குப் பின்னும் பெண் தாய்வீட்டை அண்டியே வாழ்வதால், ஊரிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் பட்டப்படிப்பு இருந்தால் மணமான பெண்களும் ஆசிரியைகளும் சேர்வார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் தூரத்துக் கெம்பஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வட்டி விடயமும் சிறிதல்ல. வட்டியுடன் கூடிய கல்விக் கடனை மார்க்கக் காரணத்துக்காகத் தவிர்க்கும் பெற்றோர் இங்கே நிறைய. 2017 முதல் அரசு, தனியார் பட்டப்படிப்பு மாணவருக்கு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றை நடத்தி வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் மாணவருக்கு மட்டுமே அது கிடைக்கும். எனவே அங்கீகாரத்தின் பெறுமதி கௌரவத்தோடு நின்றுவிடுவதில்லை. மாணவரின் வருகையையே அது தீர்மானிக்கிறது.

4. சட்டமும் அரசியலும்

‘தனியார் பல்கலைக்கழகம்’ என்று பேச்சில் சொல்கிறோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ்த் தனியார் நிறுவனம் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே அங்கீகாரம் பெறலாம். 1985இன் திருத்தம் அந்த வழியைத் திறந்தது. ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் தொழில்சார் அமைப்புகளின் சம்மதமும் வேண்டும்.

இந்த வழி எவ்வளவு வழுக்கலானது என்பதற்குத் தென்னிலங்கையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ராகமையில் எழுந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை அரசு 1989இல் பொறுப்பேற்றது. அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மாலபேயின் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி 2009இல் தொடங்கி, மாணவர் ஒன்றியங்களினதும் மருத்துவர் சங்கத்தினதும் நீண்ட போராட்டத்தின் பின் முடிவுக்கு வந்தது. அதன் மருத்துவ மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இந்நாட்டில் வெறும் கொள்கையாக இல்லை, அது வாக்குறுதி. அதைக் குறைப்பதாகத் தோன்றும் எதையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இந்தச் சந்தேகம் இனம் பார்ப்பதில்லை. நிறுவனம் முஸ்லிம்களுடையதாக இருந்தால் அதன் மேல் இன்னொரு சந்தேகமும் ஏறிக்கொள்கிறது.

5. ஒலுவிலும் புணானையும்

கிழக்கின் இரண்டு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் என் வாதம் தெளிவாகும்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிப்பைத் தொடர முடியாதுபோன முஸ்லிம் மாணவரின் நெருக்கடியே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உடனடிக் காரணம். அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் விடாமுயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. ஒலுவில் வளாகக் கட்டடங்களுக்குக் குவைத் நிதியத்தின் கடன் உதவி கிடைத்தது. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். 2004 டிசம்பரில் சுனாமி இக்கரையைச் சிதைத்தது. பல்கலைக்கழகம் நின்றுவிடவில்லை.

மட்டக்களப்பு கெம்பஸின் நிறுவனரும் அரசியல்வாதிதான். எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் பல ஆண்டுகள் பாராளுமன்ற உறுப்பினராகவும் பிரதி, இராஜாங்க அமைச்சராகவும் இருந்தவர். 2019இன் தொடக்கத்தில் கிழக்கு மாகாண ஆளுநரானார். பொலன்னறுவை வீதியில் புணானையை அண்டிய ரிதிதென்னையில் பிரமாண்டமான கட்டடங்கள் எழுந்தன. சவூதி அரேபியாவின் அலி அப்துல்லா அல்-ஜுஃபாலி அறக்கட்டளையிலிருந்து கடனாக வந்த பணம் அது என்பது நிறுவனர் தரப்பின் விளக்கம். நிதி வந்து சேர்ந்த இடம் ஒரு தனியார் கம்பனி.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலும், ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் அத்தாக்குதலோடு தொடர்புடையவர்களுடன் நடந்த மோதலும் நிலைமையைத் தலைகீழாக்கின. ‘ஷரீஆ பல்கலைக்கழகம்’ என்ற முத்திரை ஊடகங்களில் குத்தப்பட்டது. நிறுவனர் தரப்பு அதை மறுத்தது. பாராளுமன்றத்தின் கல்வித்துறை மேற்பார்வைக் குழு, நிதியையும் உரிமையையும் அனுமதியையும் விசாரித்து, அரசு அதைப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே ஆண்டில் பரிந்துரைத்தது. ஜூன் தொடக்கத்தில் ஹிஸ்புல்லாஹ் ஆளுநர் பதவியை விட்டு விலகினார். 2020 மார்ச்சில் மாணவர் வரவேண்டிய அந்தக் கட்டடங்களுக்கு இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த பயணிகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கெம்பஸ் தனிமைப்படுத்தல் நிலையமானது. 2023 செப்டெம்பரில்தான் அது உரிமையாளரிடம் திரும்பியது.

இதை வெறும் இனவாதத்தின் கதையாக வாசிப்போர் உண்டு. அந்த வாசிப்பில் உண்மை நிறைய இருக்கிறது. 2019இன் அச்ச அலை இல்லாவிட்டால் விசாரணை அந்தத் தொனியில் நடந்திராது. மறுபுறம், சட்ட நடைமுறையில் இருந்த ஓட்டைகளுக்குக் கிடைத்த பலன் என்று வாசிப்போரும் உண்டு. இரண்டு வாசிப்பும் ஒரு விடயத்தைத் தவறவிடுகின்றன. ஒலுவிலுக்கும் புணானைக்கும் தொடக்கக் காரணிகள் ஏறக்குறைய ஒன்றே: முஸ்லிம் அரசியல்வாதி ஒருவரின் முன்முயற்சி, அரபு நாட்டுப் பணம், கிழக்கு முஸ்லிம்களின் கல்விப் பசி. விளைவுகள் வெவ்வேறாயின. ஒலுவிலில் பணம் அரச ஒப்பந்தத்தின் வழியே வந்தது. பேரவையும் மூதவையும் சட்டத்தால் அமைந்தன. கணக்காய்வாளர் நாயகம் கணக்குப் பார்த்தார். நிறுவனர் மறைந்த பின்னும் அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. புணானையில் முதலில் எழுந்த கேள்வியே அதுதான். நிறுவனத்தின் உரிமை நிறுவனரைச் சுற்றியே இருந்ததால், அவர்மீது விழுந்த அரசியல் அடி நிறுவனத்தின் மீதும் அப்படியே விழுந்தது.

ஒன்று அரச பல்கலைக்கழகம், மற்றது தனியார் நிறுவனம். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1973இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா முழுக்கத் தனியார் கொடையால் எழுந்தது. நிறுவனர் காலமான பின்னும் அது இயங்குகிறது. இரத்தினக்கல் வணிகரான அவர் பணத்தைக் கொடுத்தார். கற்பித்தலைக் கற்றவர்களிடம் விட்டார். தனியார் என்பதாலேயே ஒரு நிறுவனம் நிறுவனரின் நிழலில் கிடக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

6. அகத்தில் பார்க்க வேண்டியவை

உரிமைக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்ற அகக் காரணிகளுக்கு அர்த்தம் வருகிறது. அவற்றில் கடினமானது விரிவுரையாளர். கரையோரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஒலுவிலில் இருக்கிறார்கள், அல்லது வெளிநாட்டில். சிறு நிறுவனங்கள் வார இறுதி வருகை விரிவுரையாளரை நம்பி ஓடுகின்றன. சனி ஞாயிறு வகுப்புக்கு அது போதும். ஆய்வு வளர்வதற்கோ, மாணவன் செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்பதற்கோ போதாது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச பல்கலைக்கழகங்களே விரிவுரையாளரை வெளிநாடுகளுக்கு இழந்து தவிக்கும்போது, சிறு நிறுவனம் எப்படி அவர்களை ஈர்க்கும்? நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர் என்ற ஒற்றைக் கேள்வி, விளம்பரப் பிரசுரம் முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

அடுத்தது மொழி. தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு. வளைகுடாவை நோக்கும் கட்டட அளவை, கணக்கியல் பாடநெறிகளுக்கு ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. முதலாண்டில் முறையான மொழிப் பயிற்சி இல்லாவிட்டால் மாணவர் விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து பரீட்சை எழுதுவர். பட்டமும் கிடைக்கும், வேலை கிடைக்காது.

இடம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கரையோரத்தில் காணி நெருக்கம். பெரிய வளாகம் சாத்தியமில்லை. மட்டக்களப்பு கெம்பஸ் புணானை வரை போனதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டு மூன்று பாடநெறிகளோடு தொடங்குவது இங்கே குறையல்ல.

ஒலுவில் பல்கலைக்கழகத்தைப் போட்டியாளராகக் கருதுவது என் பார்வையில் முட்டாள்தனம். நூலகமும் ஆளணியும் ஆய்வுக்கூடமும் அங்கே உள்ளன. சம்மாந்துறை உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளோமா முடித்தவரைப் பட்டத்துக்கு அழைத்துச் செல்வது, ஒலுவிலில் இல்லாத பாடங்களை மட்டும் தேர்வது ஆகிய இரண்டும் சிறு நிறுவனத்துக்குப் பொருந்தும். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ் மாணவரும் தயக்கமின்றி வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழர், முஸ்லிம்கள் இடையிலான கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை போன ஊர் இது. ஒரு சமூகத்துக்கு மட்டுமானது என்று தோன்றும் நிறுவனம் சந்தையில் பாதியையும் அமைதியில் பெரும்பகுதியையும் இழக்கும்.

7. 1942இன் முன்மாதிரி

இக்கரையில் வேறொரு மரபும் இருந்தது. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். அந்த அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வறிய மாணவருக்கு உதவிய அந்த நிதி சபையொன்றின் பொறுப்பில் நடந்தது. அஸீஸின் பெயரில் அல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கிருந்த நட்பும் இவ்வூர்களின் கல்விச் சூழல் எவ்வளவு திறந்ததாயிருந்தது என்பதைக் காட்டும்.

சட்ட வடிவமும் கையருகே இருக்கிறது. 1956இன் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் அறக்கொடைகள் பதிவுசெய்யப்பட்டு நம்பிக்கையாளரால் நிர்வகிக்கப்படுகின்றன. பள்ளிவாசல்களுக்கு மட்டுமே நாம் பழகிய அந்த ஏற்பாட்டில் கல்விக்கும் இடமுண்டு. வக்பு சொத்தை விற்கவோ வாரிசுக்கு எழுதவோ இயலாது என்பதே அதன் பலம். நம்பிக்கையாளர் தெரிவில் ஊர்ச் சண்டைகள் வரும் என்பது பலவீனம். அதை மறைப்பதில் பயனில்லை. கல்வியாளருக்கும் பெண்களுக்கும் பிற சமூகத்தவருக்கும் சபையில் இடம் வைத்து, ஆண்டுதோறும் சுயாதீனக் கணக்காய்வை வெளியிட்டால் அந்தப் பலவீனம் பாதியாகக் குறையும்.

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ பட்டம் வழங்கும் நிறுவனமொன்றைத் தொடங்க எண்ணும் செல்வந்தர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் ஒரு வேண்டுகோள்: சாத்தியவள அறிக்கைக்கும் கட்டட வரைபடத்துக்கும் முன்னர், நிறுவனத்தின் யாப்பையும் நிதி மூலத்தையும் சபை உறுப்பினர் பட்டியலையும் மும்மொழியிலும் பகிரங்கமாக வெளியிடுங்கள். அதைச் செய்ய மனமில்லாதவர் அந்தப் பணத்தை ஒலுவிலில் படிக்கும் வறிய மாணவருக்குப் புலமைப்பரிசிலாகக் கொடுத்துவிடலாம்.